பழைய கராஜ் பெட்டியில் மிஞ்சும் பெயர் தெரியாத இரும்புகள்

திருகோணமலையில் பழைய கராஜ் ஒன்று மூடப்படும்போது முதலில் விலைபோவது ஜக்கும் வைஸும்தான். அடுத்து ஸ்பானர் தொகுதிகள் போகும். நல்ல சுத்தியல்களையும் அரங்களையும் பக்கத்துக் கராஜ்காரர் கேட்டு வாங்கிக்கொள்வார். எல்லாம் முடிந்த பிறகு சுவரோரத்தில் ஒரு மரப்பெட்டி மிஞ்சும். அதற்குள் கிடப்பவை என்னவென்று கராஜ்காரரின் பிள்ளைகளுக்கும் தெரியாது, வாங்க வந்தவருக்கும் தெரியாது. அவை நிறுவை விலைக்குக் கண்டி வீதியோரத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போய், அங்கிருந்து உருக்குவதற்குப் போய்விடும். அண்மைக் காலத்தில் அவற்றுக்கு இன்னொரு வழியும் பிறந்திருக்கிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிக்காரர்கள் சிலர் அவற்றை வாங்கி, கம்பித் தூரிகையால் தேய்த்து, கறுப்பு நிறம் அடித்துச் சுவரில் மாட்டுகிறார்கள். உருக்குவதைவிட அது மேலானது என்று நான் நினைக்கவில்லை. உருக்கிய இரும்பு வேறொன்றாகவாவது பயன்படும். தேய்த்து நிறம் அடித்த கருவியோ தான் என்ன வேலை செய்தது என்பதைச் சொல்லும் அடையாளம் முழுவதையும் இழந்து, வெறும் உருவமாகத் தொங்கும்.

அத்தகைய பெட்டிகள் சிலவற்றை நான் விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். இந்தப் பழக்கம் ஊரில் தெரிந்த பிறகு சில பெட்டிகள் கேட்காமலே வீடு தேடி வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு அமர்ந்து அவற்றைப் புரட்டுபவர், 1960களில் சிறுவனாகக் கராஜில் வேலை பழகிய முதியவர் ஒருவர். ஊரில் எல்லோருக்கும் அவர் பாஸ் ஐயா. ஒரு பொருளைக் கையில் தந்தால் அவர் உடனே பெயர் சொல்லமாட்டார். அதைப் புரட்டி, விரலால் தடவி, சில வேளை முகர்ந்தும் பார்த்துவிட்டு, "தம்பி, இது எந்த வேலைக்கெண்டு கேளாதீங்க. எந்த வேலை இப்ப இல்லாமப் போச்செண்டு யோசிங்க" என்பார்.

பழைய கருவிகளை ஊகிக்கும் கலையில் இதைவிடப் பயனுள்ள ஆலோசனையை நான் கேட்டதில்லை. பெயர் தெரியாத கருவியைக் கண்டவுடன் நாம் எல்லோரும் அதன் உருவத்தைப் பார்த்து, தெரிந்த பொருளொன்றோடு ஒப்பிட்டு, ஈட்டி என்றோ இடுக்கி என்றோ முடிவு கட்டுகிறோம். ஆனால் ஒரு கருவி நமக்கு அந்நியமாகத் தெரிவதற்குக் காரணம் அதன் உருவம் அல்ல. அது செய்த வேலை உலகத்தைவிட்டுப் போய்விட்டது என்பதே. என்ஜினின் தலையைச் சில ஆயிரம் மைல்களுக்கு ஒருமுறை கழற்றிக் கரியைச் சுரண்டுவது, பேரிங்கை உருக்கி வார்த்துக் கையால் சீவுவது, பற்றறியின் ஒவ்வொரு அறையையும் தனித்தனியாகச் சோதிப்பது, வில்லுப்பட்டைகளை விரித்து அவற்றுக்கிடையே கிறீஸ் ஏற்றுவது: இவையெல்லாம் ஒரு காலத்தில் அன்றாட வேலைகள். அந்த வேலைகளின் பட்டியல் மனதில் இருந்தால் பெட்டியில் பாதிப் பொருள்களுக்கு விடை கிடைத்துவிடும்.

எங்கள் ஊருக்கென்று சில தனித்தன்மைகளும் உண்டு. பிரித்தானியக் கடற்படை இந்தத் துறைமுகத்தை 1957 வரை தன் கையில் வைத்திருந்தது. சீனன்குடாவில் அதன் விமானப் படைக்குத் தளம் இருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் இவற்றின் மீதுதான். ஆகையால் இங்கே கிடைக்கும் பழைய இரும்பில் படையினரின் பட்டறைகளிலிருந்து கசிந்து வந்தவையும் கலந்திருக்கும். அதனோடு மொறிஸ் மைனர், ஒஸ்ரின், பெட்போர்ட் லொறி என்று பிரித்தானிய வாகனங்களுக்காக வந்த கருவிகளும், உள்ளூர்க் கொல்லரும் மெக்கானிக்குகளும் தாமே செய்துகொண்டவையும் சேரும். இந்த மூன்றில் ஒரு பொருள் எதைச் சேர்ந்தது என்பதைப் பிரித்தறிவது முதற் படி.

படைக்குரிய கருவியை அடையாளம் காண்பது எளிது. மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்று பொறிக்கப்பட்டிருந்தால் அது பிரித்தானிய அரசாங்கத்தின் சொத்தாக இருந்தது என்று பொருள். பல வேளைகளில் அதன் அருகே ஆண்டும் இருக்கும். முடிச் சின்னத்தோடு ஏ.எம். என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது விமான அமைச்சுக்குரியது, ஆகவே அது காருக்கு உரிய கருவியாக இல்லாமலும் போகலாம். பிற்காலத்து மொறிஸ், ஒஸ்ரின் வாகனங்களுக்கெனச் செய்யப்பட்ட சிறப்புக் கருவிகளில் 18ஜி என்று தொடங்கும் இலக்கம் இருக்கும். அந்த இலக்கம் தெளிவாகக் கிடைத்துவிட்டால் ஊகத்துக்கு வேலையே இல்லை. பழைய பழுதுபார்ப்புக் கைந்நூலில் விடை இருக்கும். எனக்கு அப்படிப்பட்ட பொருள்களில் அவ்வளவு ஈடுபாடு இல்லை.

குறியைக் கண்டுபிடிப்பதற்கு முன்னர் அதை அழித்துவிடக் கூடாது. கறள் படிந்த இரும்பைக் கண்டால் அதைச் சுழலும் கம்பித் தூரிகையில் பிடிப்பவர்கள் பலர். ஆழமில்லாத எழுத்துகள் அதில் போய்விடும். எழுத்தைவிட முக்கியமான தேய்மானமும் போய்விடும். மண்ணெண்ணெயில் சில நாள்கள் ஊறவிட்டு, பழந்துணியால் துடைத்தாலே போதும். அம்மியின் நடுக்குழியைப் பார்த்தே எத்தனை தலைமுறை அரைத்த அம்மி என்று ஊகிப்பதுபோல, கருவியிலும் தேய்ந்த இடமே பேசும் இடம். வால்பகுதி நசுங்கி விளிம்பு பிதுங்கியிருந்தால் அதைச் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் அந்தப் பக்கம் எதிலோ உராய்ந்திருக்கிறது. நடுவில் நீலம் பாய்ந்திருந்தால் அது சூடேறியிருக்கிறது. எங்கே தேயவில்லை என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

இதற்கு என்னிடம் இருக்கும் மிகச் சிறந்த சாட்சி, இரண்டு கூர்முனைகள் கொண்ட ஒரு முட்கரண்டி வடிவப் பொருள். கைப்பிடி மரம். அதிலிருந்து இரண்டு தடித்த கால்கள் கிளம்பி, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நீண்டு, ஊசிபோல முடிகின்றன. கால்களுக்குக் குறுக்கே, கைப்பிடிக்குச் சற்றுக் கீழே, தடித்த உலோகப் பட்டை ஒன்று பாலம்போட்டிருக்கிறது. அதற்கு மேலே எதையோ பொருத்தி வைத்திருந்ததற்கான இரண்டு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. இதைக் கொண்டுவந்த கிண்ணியா நண்பர், களப்பில் மீன் குத்தும் ஈட்டி என்று உறுதியாகச் சொன்னார். தம்பலகாமத்தில் மாடு வளர்த்த குடும்பத்தைச் சேர்ந்த உறவினர் ஒருவர், மாட்டுக்குக் குறி சுடும் இரும்பு என்றார். இரண்டும் எங்கள் பகுதிக்குப் பொருந்தும் ஊகங்களே.

ஆனால் மீன் குத்தும் ஈட்டிக்கு இவ்வளவு குறுகிய கைப்பிடி இருக்காது. மீன் நழுவாமல் பிடிக்கும் எதிர்முள்ளும் முனைகளில் இல்லை. குறி சுடும் இரும்பென்றால் முனைகள் நெருப்பில் கிடந்து கறுத்திருக்க வேண்டும். இங்கே முனைகளில் சூட்டின் தடமே இல்லை. நீலமும் பழுப்புமாகச் சூடேறிய நிறம் குறுக்குப் பட்டையின் நடுவில்தான் இருந்தது. சூடு வெளியே இருந்து வரவில்லை, அந்தப் பட்டைக்குள்ளேயே பிறந்திருக்கிறது. முனைகளின் கூரில், நகத்தால் கீறினால் கீறுபடும் மென்மையான சாம்பல் நிற உலோகம் ஒட்டியிருந்தது. அது ஈயம். கைப்பிடியின் அடியில் அமிலம் பட்டு மரம் நார்நாராக வெளிறியிருந்தது. ஈயம், அமிலம், உள்ளிருந்து பிறக்கும் சூடு ஆகிய மூன்றும் சேர்ந்தால் விடை பற்றறியைத் தவிர வேறொன்றாக இருக்க முடியாது.

அக்காலத்துக் கார் பற்றறிகள் கடினமான கருநிற ரப்பர்ப் பெட்டியில் அமைந்தவை. மேற்பகுதியைத் தார் போன்ற பொருளால் மூடியிருப்பார்கள். ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2 வோல்ட் தரும். 6 வோல்ட் பற்றறியில் மூன்று அறைகள், 12 வோல்ட் பற்றறியில் ஆறு. அறைகளை இணைக்கும் தடித்த ஈயப் பட்டைகள் மேலே வெளிப்படையாகத் தெரியும். இந்தக் கருவியின் இரண்டு முனைகளையும் ஓர் அறையின் இரு பக்கத்து ஈயத்தில் ஆழக் குத்தினால், குறுக்குப் பட்டை வழியாகப் பெரும் மின்னோட்டம் பாயும். ஸ்ராட்டர் மோட்டாரைச் சுழற்றும்போது பற்றறி படும் சிரமத்தை அது ஒரே அறைக்குத் தருகிறது. மேலே இருந்து காணாமற்போனது ஒரு சிறிய வோல்ட்மானி. முள் 1.5 வோல்ட்டுக்கு மேலே சில விநாடிகள் நிலைத்து நின்றால் அறை நல்லது. சரசரவென்று இறங்கினால் அந்த அறை போய்விட்டது. இந்த மானிகள் பலவற்றில் பூச்சியம் நடுவில் இருக்கும். எந்த முனை நேர், எந்த முனை மறை என்று பார்த்துக் குத்த வேண்டியதில்லை என்பதற்காக. பாஸ் ஐயா இதைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை எச்சரிக்கைதான்: சார்ஜ் போட்டு முடிந்த உடனே குத்தக் கூடாது, அறைக்குள் ஐதரசன் நிற்கும், பொறி பறந்தால் முகத்தில் வெடிக்கும்.

அறைகளை இணைக்கும் ஈயம் பெட்டியின் உட்சுவர் வழியாகப் போய், ஒரே பிளாஸ்ரிக் மூடி முழுவதையும் மறைக்கும் பற்றறிகள் வந்த பிறகு, குத்துவதற்கு இடமே இல்லாமற் போயிற்று. கருவியில் எந்தக் குறையும் வரவில்லை. அது தொடவேண்டிய இடம் மூடப்பட்டுவிட்டது.

உருவம் ஏமாற்றும் என்பதற்கு எதிர்ப்புறமான உதாரணமும் உண்டு. பார்த்தவுடன் காற்றோடு தொடர்புடையது என்று யாரும் சொல்லிவிடக்கூடிய, பித்தளையாலான சிறு உருளை ஒன்று. ஒரு முனையில் நீண்ட ரப்பர்க் குழாயும் ரயர் வால்வில் பூட்டும் தலையும், மறு முனையில் திருகுபுரியும் இருக்கும். பக்கத்தில் சிறு துளைகள். காற்றடிக்கும் கருவி என்பது தெளிவு. ஆனால் கையால் இழுக்கவோ காலால் மிதிக்கவோ எதுவும் இல்லை. திருகுபுரியின் அளவை வேர்னியரால் பார்த்தால் 14 அல்லது 18 மில்லிமீற்றர் வரும். அவை ஸ்பார்க் பிளக்கின் அளவுகள். ஒரு சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் இதைப் பூட்டி, மிச்ச மூன்று சிலிண்டர்களில் என்ஜினை ஓடவிட்டால், அந்தச் சிலிண்டரின் அமுக்கமே உருளைக்குள் இருக்கும் பிஸ்டனை ஆட்டி ரயருக்குக் காற்றை ஏற்றும். உள்ளே பெரிய பிஸ்டனும் அதோடு இணைந்த சிறிய பிஸ்டனும் இருக்கும். சிலிண்டர் பெரியதைத் தள்ளும். சிறியது பக்கத்துத் துளைகளால் வெளிக்காற்றை இழுத்து அனுப்பும். இல்லாவிட்டால் பெற்றோல் ஆவி கலந்த காற்று ரயருக்குள் போகும். கந்தளாய்க் காட்டு வழியில் ரயர் இறங்கி நின்றவருக்கு இது எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இதைச் செய்தவரின் மூளை இன்றைய மின்சாரக் காற்றடிப்பானைச் செய்தவரின் மூளைக்குச் சற்றும் குறைந்ததல்ல.

ஸ்பானர்களில் புதிர் இருக்காது என்று நினைப்பவர்கள் பழைய பிரித்தானிய ஸ்பானரைக் கையில் எடுத்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம். 3/8 டபிள்யூ என்று பொறித்த ஸ்பானரின் வாயை அளந்தால் ஏறத்தாழ 0.71 அங்குலம் வரும். பொறித்த எண்ணின் இரண்டு மடங்குக்கு அண்மையில். இன்றைய இளைஞர் இதைப் பார்த்துவிட்டு, போலிப் பொருள் என்கிறார். ஜோசப் விற்வேர்த் 1841இல் முன்வைத்த முறையில் அந்த எண் நட்டின் தலை அளவைக் குறிக்காது. உள்ளே போகும் போல்ட்டின் தண்டு விட்டத்தைக் குறிக்கும். அதே ஸ்பானரில் 7/16 பி.எஸ். என்றும் பொறித்திருப்பார்கள். நெருக்கமான புரி கொண்ட போல்ட்டுகளுக்குத் தலை ஓர் அளவு சிறிதாக வைக்கப்பட்டதால் ஒரே வாய் இரண்டு எண்களுக்கும் பொருந்தும். 1948 நவம்பரில் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா மூன்றும் பொதுப் புரிமுறைக்கு உடன்பட்ட பிறகுதான் தலை அளவையே பொறிக்கும் ஸ்பானர்கள் பிரித்தானியக் கார்களோடு வரத் தொடங்கின.

இதைவிட விசித்திரம் மொறிஸின் பழைய என்ஜின்களில் இருந்தது. மொறிஸ் நிறுவனத்தின் அதிபர் வில்லியம் மொறிஸ் 1923இல் இங்கிலாந்தின் கொவென்ற்றியில் இருந்த ஹொட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் என்ஜின் தொழிற்சாலையை வாங்கினார். அங்கே இருந்த இயந்திரங்கள் மெற்றிக் புரி வெட்டுபவை. அவற்றைத் தூக்கி எறிய மனமில்லாமல் மெற்றிக் புரியையே தொடர்ந்து வெட்டினார்கள். ஆனால் பிரித்தானிய மெக்கானிக்கின் பெட்டியில் விற்வேர்த் ஸ்பானர்தான் இருக்கும் என்பதால் தலையை விற்வேர்த் அளவில் விட்டார்கள். ஆகவே, வெளியே அங்குல ஸ்பானர் கச்சிதமாகப் பொருந்தும் ஒரு போல்ட், உள்ளே அங்குல நட்டை ஏற்க மறுக்கும். பெட்டியொன்றில் மெற்றிக் புரி வெட்டும் டையும் விற்வேர்த் ஸ்பானரும் ஒரே துணியில் சுற்றிக் கிடந்தால், அந்தக் கராஜுக்கு 1950களின் நடுப்பகுதிக்கு முந்திய மொறிஸ் என்ஜின் ஏதாவது வந்திருக்கிறது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

மெல்லிய, நீளமான ஸ்பானர்கள் சோடியாகக் கிடந்தால் அவை தேய்ந்து மெலிந்தவை அல்ல. பக்கவால்வு என்ஜின்களில் வால்வைத் தள்ளும் ரப்பெற்றைச் சரிசெய்வதற்காக மெல்லியதாகவே செய்யப்பட்டவை. ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கியிருக்கும் நட்டுகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருப்ப வேண்டும். தடித்த ஸ்பானர் இரண்டையும் சேர்த்துக் கவ்விவிடும். பிறைவடிவில் வளைந்த ஸ்பானரும் அதே வகை. அது வளைந்திருப்பது அழகுக்காக அல்ல, குறுக்கே ஏதோ நிற்கிறது என்பதற்காக. வில்லுப்பட்டை விரிக்கும் ஆப்பு இடுக்கியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

அடுத்தது ஆயுதமென்று எல்லோரும் நினைப்பது. மூன்று பக்கம் கொண்ட, ஒவ்வொரு பக்கமும் உள்வாங்கிக் குழிந்த, முனை கூர்ந்து சற்றே வளைந்த ஒரு சாண் நீள உருக்கு. மூன்று விளிம்புகளும் கத்தியைவிடக் கூர்மை. கடற்படை ஊரில் கிடைத்தது என்பதால் துப்பாக்கிச் சனியன் என்றே பலர் சொல்வார்கள். சோதனைச் சாவடிகள் நிறைந்திருந்த காலத்தில் இதைக் கருவிப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்கு ஊர் போன மெக்கானிக்குகள் எவ்வளவு விளக்கம் சொல்ல நேர்ந்திருக்கும் என்பது இந்த மாவட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு விளங்கும். கைப்பிடிக்கு அருகே உற்றுப் பார்த்தால் உண்மை தெரியும். அங்கே, தீட்டும் கல் எட்டாத சிறு பகுதியில், அரத்தின் பற்கள் இன்னும் வரிவரியாக நிற்கின்றன. தேய்ந்த முக்கோண அரத்தைத் தீட்டிச் செய்த சீவுளி இது.

இது செய்த வேலையைச் சொன்னால் இன்றைய மெக்கானிக் நம்பத் தயங்குவார். முன்னைய என்ஜின்களில் கிராங்க் தண்டைத் தாங்கிய பேரிங்குகள் கடையில் வாங்கிச் செருகும் ஓடுகளாக இருக்கவில்லை. வெள்ளீயம் மிகுந்து, அந்திமனியும் செம்பும் கலந்த மென்மையான வெள்ளை உலோகத்தை உருக்கி, பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கொனெக்ரிங் றொட்டிலேயே வார்ப்பார்கள். ஐசாக் பபிற் என்ற அமெரிக்கர் 1839இல் கண்ட கலவை முறை அது. வார்த்தது அப்படியே பொருந்தாது. கிராங்க் தண்டில் நீல மையை மிக மெல்லியதாகப் பூசி, பேரிங்கை அதன்மேல் பூட்டி, ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினால், மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அந்த இடங்களை இந்தச் சீவுளியால் சீவ வேண்டும். மறுபடி மை, மறுபடி பூட்டு, மறுபடி சீவல். நீலப் புள்ளிகள் முகம் முழுவதும் ஒரே சீராகப் பரவும் வரை இது நடக்கும். "ஒரு பேரிங்குக்கு ஒரு நாள் போகும். அவசரப்பட்டு ஒருக்கா ஆழமாச் சீவினா, திரும்ப உருக்கி வார்க்கிறதுதான்" என்றார் பாஸ் ஐயா. அவர் அதைக் கையில் பிடித்துக் காட்டியபோது விளிம்பு மேல்நோக்கி இருக்கவில்லை. உலோகத்தோடு ஏறத்தாழப் படுத்திருந்தது. கத்தியைப் பிடிப்பதுபோல யாரும் பிடிக்காத ஒரு பிடி.

ஆயுதம் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த ஊரில் பழைய இரும்புக் குவியலைக் கிளறும் எவரும், என்னவென்று தெரியாத மூடிய உருளைகளைத் தட்டியோ திருகியோ பார்க்கக் கூடாது. அதிலும் அடிப்பக்கத்தில் செப்பு வளையம் பதித்த கனத்த உருளை கருவியே அல்ல. அது பீரங்கிக் குண்டாக இருக்கலாம். பழையது, கறள் பிடித்தது என்பதால் அது பாதுகாப்பானதாகிவிடாது. விலகி நின்று பொலிசாருக்கு அறிவிப்பதே செய்யத்தக்கது. ஊகிக்கும் விளையாட்டுக்கு எல்லை உண்டு.

ஆபத்து இரும்பில் மட்டும் இல்லை. வீட்டுச் சமையலறையிலிருந்து எடுத்து வந்து ஒருவர் காட்டிய மரத்துடுப்பு, தட்டையாகவும் ஓரம் சற்று வளைந்தும், எண்ணெய் ஊறிய பளபளப்போடும் இருந்தது. தாத்தாவின் கராஜ் பெட்டியில் கிடந்ததென்றும், தோசை திருப்ப வசதியாக இருந்ததால் அம்மா எடுத்துக்கொண்டார் என்றும் சொன்னார். அடிப்பக்கத்தில் தீயால் பழுத்த தழும்பும், மர நாருக்குள் பதிந்த சாம்பல் நிறப் பொட்டுகளும் இருந்தன. டிங்கர் வேலை செய்பவர்கள், பட்டி என்ற பசை வருவதற்கு முன்னர், காரின் உடம்பில் விழுந்த பள்ளங்களை ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் நிரப்பினார்கள். ஏறத்தாழ 70 பங்கு ஈயமும் 30 பங்கு வெள்ளீயமும் கொண்ட அந்தக் கலவை 183 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கி, 250 பாகையைத் தாண்டிய பின்னரே முற்றாக உருகும். இடைப்பட்ட சூட்டில் அது களிபோல இருக்கும். அந்த நேரத்தில், மெழுகோ கொழுப்போ தடவிய மரத்துடுப்பால் அதைத் தகட்டின் மேல் இழுத்துப் பரப்புவார்கள். மெழுகு பூசியதால்தான் உலோகம் மரத்தில் ஒட்டாது. அந்த மெழுகே நாம் கண்ட பளபளப்பு. அம்மாவுக்கு அன்றைக்கே புதுத் தோசைக்கரண்டி வாங்கிக் கொடுக்கும்படி சொல்லி அனுப்பினோம்.

தொழிற்சாலையில் செய்த கருவிக்கு எங்காவது ஒரு விளம்பரமோ விலைப்பட்டியலோ இருந்திருக்கும். உள்ளூரில் செய்துகொண்டதற்கு எதுவும் இல்லை. என் கணக்கில் பெட்டிகளின் உண்மையான செல்வம் இவைதான். 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில், உதிரிப்பாகம் ஒன்றுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தபோது, கருவியை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஓர் உதாரணம்: இரும்பறுக்கும் வாளின் உடைந்த அலகு, பாதிக்குத் துணி சுற்றி நூலால் கட்டப்பட்டிருக்கிறது. உடைந்த அலகை யார் இவ்வளவு அக்கறையாகக் கட்டி வைப்பார்கள் என்பதே முதல் கேள்வி. பற்களைப் பக்கவாட்டில் பார்த்தால், இடமும் வலமும் வளைந்திருக்க வேண்டியவை கல்லில் தேய்த்துச் சமமாக்கப்பட்டிருக்கின்றன. அறுக்கும் பள்ளம் அகலமாகக் கூடாது என்று ஒருவர் விரும்பியிருக்கிறார். டைனமோவின் சுழலும் பகுதியில் செப்புத் துண்டங்களுக்கிடையே மைக்காத் தகடுகள் இருக்கும். செம்பு தேயும்போது கடினமான மைக்கா மேலே எழுந்து கரித்துண்டைத் தொடவிடாமல் தடுக்கும், டைனமோ சார்ஜ் போடாது. அந்த மைக்காவை மட்டும், செம்பில் கீறல் விழாமல், செப்பு மட்டத்துக்குக் கீழே அறுத்து இறக்க வேண்டும். அதற்கான அலகு இது. பிஸ்டன் பள்ளத்தில் படிந்த கரியைச் சுரண்ட விசேட கருவி உண்டு. எங்கள் பெட்டிகளில் அதைவிட அதிகமாகக் கிடைப்பது, உடைந்த பிஸ்டன் வளையத்தின் முனையைத் தீட்டி மரக்கட்டையில் செருகியது. அதே வளையம் கிடந்த பள்ளத்துக்கு அதன் அகலம் சொல்லாமலே பொருந்தும்.

இந்த வகையில் யாழ்ப்பாணத்தார் எங்களை மிஞ்சியவர்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அங்கே மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயில் குளிர்ந்த என்ஜின் கிளம்பாது. ஆகவே சிறு பிளாஸ்ரிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோலை வைத்துக்கொண்டு, சில துளிகளைக் காபரேற்றருக்குள் பீச்சிக் கிளப்புவார்கள். இன்னும் ஐம்பது ஆண்டுகளின் பின் யாராவது ஒரு கராஜ் பெட்டியில் அந்தப் போத்தலைக் கண்டெடுத்தால் கண்மருந்துப் போத்தல் என்றுதான் சொல்வார். அவரைக் குறைசொல்ல முடியாது. தடையைப் பற்றித் தெரியாதவருக்கு அந்தப் போத்தலில் படிக்க ஒன்றுமில்லை. அதனால்தான் உள்ளூர்க் கருவி ஒவ்வொன்றிலும் ஒரு சிறு அட்டை கட்டுகிறேன்: எந்த வாகனத்துக்கு, எந்த வேலைக்கு, ஏறத்தாழ எந்தக் காலத்தில். செய்தவர் உயிரோடு இருந்தால் அவரிடம் கேட்டே எழுதுகிறேன்.

கடைசியாக வந்த பெட்டியில், மரத்தில் துளையிடும் கைத்துறப்பணம் போன்ற ஒன்று இருந்தது. பக்கத்தில் சுற்றும் கைப்பிடி, பற்சில்லுகள், மேலே உள்ளங்கையால் அழுத்தும் குமிழ். துறப்பணம் என்றால் முனையில் அலகு பிடிக்கும் தாடை இருக்க வேண்டும். இங்கே இருந்தது இரண்டு குட்டை முளைகள். கைப்பிடியை ஒரே திசையில் சுற்றினால் முனை கொஞ்சம் முன்னே போய், கொஞ்சம் பின்னே வந்து, மறுபடி முன்னே போனது. ஒருபோதும் தொடர்ந்து சுழலவில்லை. பழுதென்று நினைத்துப் பற்சில்லை மாற்ற யாரோ முயன்றதற்கான கீறல்கள்கூட மூடியில் இருந்தன. உண்மையில் அது வால்வை அதன் இருக்கையில் அரைத்துப் பொருத்தும் கருவி. பழைய வால்வுகளின் தலையில் இரண்டு துளைகளோ ஒரு வெட்டோ இருக்கும். முளைகள் அதில் அமரும். அரைக்கும் பசையைப் பூசி ஒரே திசையில் சுழற்றினால் வட்டவட்டமாகக் கோடு விழுந்துவிடும் என்பதற்காகவே முன்னும் பின்னுமான ஆட்டம். ஒவ்வோர் ஆட்டத்திலும் முன்னே போவது பின்னே வருவதைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதால், வால்வு மெதுவாக இடம் மாறி, சுற்று முழுவதும் ஒரே சீராக அரைபடும்.

பாஸ் ஐயா அதை மண்ணெண்ணெயில் கழுவி, பற்சில்லுகளுக்கு எண்ணெய் விட்டு, சுற்றிப் பார்த்தார். பிறகு, தம்பலகாமத்தில் தன் மருமகன் இரண்டு சில்லு உழவு இயந்திரங்கள் பழுதுபார்ப்பதாகவும், வால்வு அரைக்க இன்னும் உறிஞ்சு ரப்பர் பூட்டிய கோலை இரு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டிக் கைகடுத்துப் போவதாகவும் சொன்னார். இன்றைய வால்வின் தலையில் துளை இல்லையே என்றேன். முளைகளைக் கழற்றி அந்த இடத்தில் உறிஞ்சு ரப்பரைப் பூட்டினால் போதும், அரை மணித்தியால வேலை என்றார். அட்டை கட்டுவதற்கு முன்பே அதைத் துணியில் சுற்றிச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த போகத்து உழவு முடிந்த பிறகு திருப்பித் தருவாராம்.